பிரிஸ்கில்லா மேடமும் தண்டனைக்கு ஆள் போட்டவரும்

உத்திரமேரூர் வட்டாரத்தில் பிரிஸ்கில்லாவின் ஸ்கூட்டர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், முதலில் கேட்பது கதவுகள் சாத்தப்படும் சத்தம்தான். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, வெயிலில் சுருங்கிய முகம். குழுக் கடன் வசூலுக்கு வந்தவள் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். "அம்மா வூட்ல இல்ல, செங்கல்பட்டு போயிருக்காங்க" என்று அந்த அம்மாவே கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்த வீடுகள் உண்டு.

'வசூலுக்கு வரவில்லை, நான் நன்னடத்தை அலுவலர்' என்று விளக்கினால் வேறு மாதிரி வம்பு. கதவுகள் எல்லாம் திறந்துகொள்ளும். "எங்க பொண்ணுக்கு ஒரு எடம் வந்துகீது மேடம். மாப்பிள்ள பையன் நடத்த எப்டின்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுப்பீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நாலு பேர் வந்து நிற்பார்கள். அவள் பார்க்கிற மாப்பிள்ளைகள் எல்லாம் ஏற்கெனவே கோர்ட்டில் குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் என்பதை அவர்களிடம் சொல்லிப் புரிய வைப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

ஜெயிலுக்கு அனுப்பும் அளவுக்குப் பெரிய தப்பு இல்லை, அதற்காகச் சும்மா விடவும் முடியாது என்று சிலர் இருப்பார்கள். 'ஒழுங்காக இரு, இந்த அம்மா வந்து பார்த்துக்கொள்வார்' என்று நீதிபதி அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அந்த 'இந்த அம்மா'தான் பிரிஸ்கில்லா. தாமல் பக்கம் பம்ப்செட் மோட்டார் திருடிப் பிடிபட்ட வீராசாமி, இப்போது மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அவனைப் பார்க்கப் போனால் அவன் முகத்தைவிடக் கடையில் நிற்கும் மோட்டார்களைத்தான் அவள் அதிக நேரம் பார்ப்பாள். ஐயங்கார்குளத்தில் சிட்டம்மாள், குழாயடிச் சண்டையில் பக்கத்து வீட்டுக்காரி மண்டையில் குடத்தால் போட்டவள். பிரிஸ்கில்லா போகும்போதெல்லாம் அந்தச் சண்டையை முதலிலிருந்து நடித்துக் காட்டுவாள். குடம் கைக்கு வரும் கட்டத்தில் பிரிஸ்கில்லா இரண்டடி தள்ளி நின்றுகொள்வாள்.

புதுச் சட்டம் வந்த பிறகு சமூக சேவை என்று இன்னொரு தண்டனையும் சேர்ந்தது. சின்னக் குற்றம் செய்தவனை ஆஸ்பத்திரி கூட்டு, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளை அடி என்று ஊருக்கு உபயோகமாக ஏதாவது செய்ய வைப்பது. சரியாகச் செய்கிறானா என்று பார்த்துக் கோர்ட்டுக்குச் சொல்வது பிரிஸ்கில்லாவின் பொறுப்பு. இப்படி அவள் கைக்கு வந்தவர்களில் ஒருவர்தான் மானாம்பதி சடையப்பன்.

சடையப்பனுக்கு அறுபதை நெருங்கும் வயது. ஏரிப் பாசனத்தில் நல்ல நிலம், ட்ராக்டர், ஊருக்குள் ஒரு சொல்லுக்கு ஒரு மரியாதை எல்லாம் உள்ளவர். வைகாசியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாண வரவேற்புக்கு உத்திரமேரூர் வந்தவர், பந்திக்கு முன்னாலேயே நன்றாகக் குடித்துவிட்டார். மண்டபத்தில் தமக்குப் போட்ட மாலையோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். அங்கே வந்தவாசி பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார். சடையப்பன் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, மாலையைக் கழற்றி ஸ்டியரிங்குக்குப் போட்டு, "இன்னிக்கு இந்த பஸ்ஸு தாமலுக்குத்தான் போவும். என் பொண்ண அங்கதான் குடுத்துகீது. தாமல் போறவன் ஏறு, மத்தவன் எறங்கு" என்று அறிவித்தார். யாரும் இறங்கவில்லை. கோபத்தில் ஹாரனை அழுத்தினார். அழுத்தியவர் அதன் மேலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனார். போலீஸ் வந்து அவர் தலையைத் தூக்கும்வரை ஹாரன் ஓயவில்லை. ஓய்ந்ததும் பஸ் ஸ்டாண்டே கை தட்டியது.

கோர்ட்டில் அவர் குற்றத்தை மறுக்கவில்லை. "தப்புதாம்மா. ஃபைன் எவ்ளோன்னு சொல்லுங்க, கட்டிட்டுப் போறேன். வயல்ல ஆளு நிக்குது" என்றார்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஃபைன் போட்டா உங்களுக்கு வலிக்காது போலிருக்கே" என்றார். ஒரு மாதம், தினமும் காலையில் இரண்டு மணி நேரம், ரோட்டோரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் வளாகத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யவேண்டும், செய்யத் தவறினால் ஜெயில் என்று உத்தரவாயிற்று.

சடையப்பனுக்கு முகம் செத்துப்போனது. யார் மேற்பார்வை என்று திரும்பிப் பார்த்தவர், சுவரோரம் நின்ற பிரிஸ்கில்லாவைக் கண்டுகொண்டார்.

"அட, நம்ம மார்த்தா பொண்ணு!"

அவர் முகம் தெளிந்தது. அதைப் பார்த்ததும் பிரிஸ்கில்லாவின் முகம் இருண்டது.

பிரிஸ்கில்லாவும் மானாம்பதிக்காரிதான். அவள் நைனா ஜான் சடையப்பனின் நிலத்தில் ஏர் ஓட்டினார், பிறகு அவருடைய ட்ராக்டரை ஓட்டினார். அம்மா மார்த்தாள் நடவு நட்டாள், களை எடுத்தாள், அறுப்பு முடிந்ததும் அவர்கள் களத்தைக் கூட்டினாள். பிரிஸ்கில்லா அந்தக் களத்து ஓரத்தில் விளையாடி வளர்ந்து, சென்னையில் ஹாஸ்டலில் தங்கிச் சமூகப்பணி படித்து, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவள். நைனா காலமான பிறகு அம்மாவை உத்திரமேரூரில் தன்னோடு வைத்துக்கொண்டிருக்கிறாள். கணவன் ஜான்சனுக்கு ஒரகடம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை.

அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னதும், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த மார்த்தாளின் கை நின்றுவிட்டது.

"யாரு, பெரியவூட்டு அய்யாவா? அவரு ஆஸ்பத்திரி கூட்றதா? இன்னாடி அக்குறும்பு இது?"

"நான் இன்னாமா பண்றது? கோர்ட்டு போட்ட உத்தரவு."

"கோர்ட்டு போடும். நீ கொஞ்சம் பாத்துப் போடக்கூடாது?"

"உத்தரவுன்னா இன்னா கொழம்பாமா, உப்பு பாத்துப் போடறதுக்கு?"

"உங்க நைனாவ பாம்பு கடிச்சப்போ ட்ராக்டர்ல வச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனது யாரு? நெனச்சிப் பாரு."

அது உண்மைதான். சடையப்பன் அன்று சட்டை கூடப் போடாமல் ட்ராக்டரை விரட்டிக்கொண்டு போனார். நைனா பிழைத்து அதற்கப்புறம் பல வருஷம் இருந்தார். பிரிஸ்கில்லாவுக்கு அது மறக்கவில்லை. சடையப்பனை எப்படிக் கூப்பிடுவது என்பதே அவளுக்குப் பெரிய யோசனையாக இருந்தது. அம்மா மாதிரி 'அய்யா' என்றால் வேலை நடக்காது. பேர் சொல்ல நாக்கு வராது. கடைசியில் 'சார்' என்று முடிவு செய்தாள். அதையும் கண்ணாடி முன் நின்று ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

முதல் இரண்டு நாள் அவளுக்கு வேறு ஊரில் வேலை. சுகாதார நிலையத்து நர்ஸ் பிரபாவுக்குப் போன் போட்டு விசாரித்தாள்.

"மேடம், நீங்க அனுப்புன ஆளு தங்கமான ஆளு" என்றாள் பிரபா. "சருகு ஒண்ணு கெடையாது. சொல்லாமயே தண்ணித் தொட்டியக்கூட கழுவி வுட்டாரு."

பிரிஸ்கில்லாவுக்கு இடித்தது. தன் வீட்டில் குடித்த டம்ளரைக்கூட நகர்த்தி வைக்காத மனிதர் அவர். மறுநாள் காலையில் நேராகப் போய் நின்றாள். வளாகத்தில் ஒல்லியான ஆள் ஒருவன், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரே சீராகக் கூட்டிக்கொண்டிருந்தான். அவன் சடையப்பனிடம் புதிதாகச் சேர்ந்த பண்ணை ஆள் அருள்தாஸ். அச்சிறுபாக்கம் பக்கத்திலிருந்து வந்தவன், அதனால் அவனுக்கு இவளைத் தெரியாது.

"பேரு இன்னாங்க?"

"சடையப்பன், மேடம்."

"நெலம் எவ்ளோ கீது?"

அருள்தாஸ் கூட்டுவதை நிறுத்தினான். "அது... நெறைய கீது."

"அப்பா பேரு?"

அவன் வானத்தைப் பார்த்தான், பிறகு துடைப்பத்தைப் பார்த்தான். "அத்த சொல்லி அனுப்பல மேடம்" என்றான்.

பிரிஸ்கில்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு தான் யார் என்று சொன்னாள். அருள்தாஸ் துடைப்பத்தைப் பாம்பைப் போட்ட மாதிரி கீழே போட்டான்.

"நான் இன்னா மேடம் பண்ணுவேன்? களை எடுக்கப் போவ வேணாம், இங்க போயி கூட்டுன்னாரு. நெழலா கீதேன்னு வந்துட்டேன்."

"உன் மேல தப்பில்ல. ஆனா இனிமே வராத. நீ கூட்டுனது எதுவும் கணக்குல செல்லாது."

"செல்லாதா?" அவன் குவித்து வைத்திருந்த சருகைப் பார்த்தான். "அப்ப குப்பைய திரும்ப எறைச்சிடவா?"

அங்கிருந்து அவள் மானாம்பதிக்கு வண்டியை விட்டாள். அந்த வீட்டுக்கு எத்தனையோ தரம் வந்திருக்கிறாள், எல்லாம் பின்பக்க மாட்டுக்கொட்டகை வழியாக. முன்வாசல் படி ஏறியது அன்றுதான் முதல் தடவை. சடையப்பனின் மனைவி செல்லம்மாள் "வாம்மா, உக்காரு" என்று நாற்காலியைக் காட்டிவிட்டுக் காபி கொண்டுவர உள்ளே போனார். அலமாரியில் டம்ளர்கள் இடிபடும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. எதில் கொடுப்பது என்று அங்கே ஒரு யோசனை நடக்கிறது என்பது பிரிஸ்கில்லாவுக்குப் புரிந்தது. கடைசியில் பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. நல்ல காபி.

சடையப்பன் வெகு இயல்பாக இருந்தார். "ஆளு ஒயுங்கா வரானா? வரலன்னா சொல்லு, வேற ஆளு போட்றேன்."

"சார், தண்டனைக்கு ஆளு போட முடியாது."

"ஏன்? ஆஸ்பத்திரி சுத்தமாவணும், அவ்ளோதானே? நான் கூட்டுனா இன்னா, அவன் கூட்டுனா இன்னா? என்னவிட அவன்தான் நல்லா கூட்டுவான்."

"பஸ்ல ஏறி உக்காந்தது அவனா சார்?"

சடையப்பன் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"நாளைக்கி டாக்டரு உங்களுக்கு ஊசி போடணும்னா, அதுக்கும் அருள்தாஸைத்தான் அனுப்புவீங்களா?"

"அனுப்புவாரு" என்றார் செல்லம்மாள் உள்ளேயிருந்து. "போன வருஷம் தடுப்பூசிக்கே என்னைத்தான் மொதல்ல போட்டுக்கச் சொன்னாரு."

மறுநாள் சடையப்பன் வந்தார். தலையில் தொப்பி, முகத்தில் மாஸ்க், கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கழுத்தைச் சுற்றித் துண்டு. தன்னை யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, "ஏம்மா, தொடப்பம் எங்க கீது?" என்று வாயைத் திறந்தார். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பி, "வணக்கம்ணா, இன்னா ஒடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். ஏரிக்கரையின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்கு ஆளைக் கூப்பிடும் தொண்டை அது. மாஸ்க்குக்கு அடங்குமா?

அவருக்குக் கூட்டத் தெரியவில்லை. காற்று வரும் திசையைப் பார்த்துக் கூட்டினார். குப்பை எல்லாம் அவரையே தேடி வந்தது. துடைப்பத்தை நிமிர்த்திப் பிடித்துத் தரையைக் குத்தினார். இரண்டு மணி நேரம் முடிந்தபோது வளாகத்துக் குப்பை குறையவில்லை, இடம்தான் மாறியிருந்தது. ஆனாலும் செய்தது அவர்தான் என்பதால் பிரிஸ்கில்லா அந்த நாளைக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அடுத்தடுத்த நாளும் முனகிக்கொண்டே வந்தார். வழிக்கு வந்துவிட்டார் என்று அவள் நினைத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை கொடுக்கும் நாள். பிரிஸ்கில்லா வளாகத்துக்குள் வண்டியை விட்டபோது, சடையப்பன் புங்கமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஓய்வெடுக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள். ஆனால் துடைப்பச் சத்தம் ஓயவில்லை. சரக், சரக் என்று ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதில் அதைக் கேட்டுத்தான் தினம் கண் விழிப்பாள்.

கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தாள். மார்த்தாள் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். கூட்டிக்கொண்டே தோளுக்கு மேலாகச் சடையப்பனுக்கு ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தாள். தன் சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவளின் பை தூணில் மாட்டியிருந்தது.

"மா! தொடப்பத்த கீய போடு."

"இன்னாடி கத்தற? நாலு பேரு பாக்கறாங்க."

"நாலு பேரு பாக்கத்தாம்மா இந்தத் தண்டனையே!"

"பாவம்டி, அவருக்கு முதுவு புடிச்சிக்கிச்சாம். தொடப்பம் புடிக்கவும் தெரியல. தடவிக்கினு நிக்கறாரு. பாத்துக்கினு சும்மா போவ சொல்றியா?"

"உனக்கு முட்டி தேஞ்சு போயிகீது. படி ஏற முடியலன்னு நேத்து கூட அழுத."

"கூட்றதுக்கு இன்னாத்துக்கு படி ஏறணும்?"

சடையப்பன் டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். "நான் கேக்கலம்மா. அவளாத்தான் புடுங்கிக்கினா."

"புடுங்கிக்கினா நீங்க குடுத்துட்டு உக்காந்துட்டீங்களா சார்?" பிரிஸ்கில்லாவின் குரல் உடைந்தது. "நான் பொறந்ததுலருந்து பாத்துக்கினு கீறேன். அவ கூட்டுவா, நீங்க உக்காந்திருப்பீங்க. இங்க கூடவா?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலிலிருந்து பிரபா மெதுவாக, "அந்த டீ கூட உங்க அம்மாதான் மேடம் வாங்கிக் குடுத்தாங்க" என்றாள்.

பிரிஸ்கில்லா அம்மாவைப் பிடித்து இழுத்துப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனாள். கோர்ட்டுக்கு எழுதாமல் விட்டுவிடலாமா என்று அவள் மனம் ஒரு பக்கம் இழுத்தது. வீராசாமியின் அம்மா வந்து மகனுக்காகக் கூட்டியிருந்தால் விட்டிருப்போமா என்று யோசித்தாள். விட்டிருக்க மாட்டாள். உட்கார்ந்து எழுதினாள். கூட்டியவர் யார் என்ற இடத்தில், 'மார்த்தாள், என் தாயார்' என்று எழுதியபோது பேனா கொஞ்சம் தயங்கியது.

வீட்டில் பூகம்பம். "பெத்தவளையே கோர்ட்டுல எயுதி குடுத்துட்டியா? நல்லா இரு!" என்று சொன்ன மார்த்தாள் அதற்குப் பிறகு மகளோடு பேசவில்லை. பேச வேண்டியதை எல்லாம் மருமகன் வழியாகப் பேசினாள்.

"ஜான்சா, அதிகாரிக்கு இன்னும் சோறு வேணுமான்னு கேளு."

"அத்தை, அவ எதிர்லயேதான் உக்காந்துகீறா."

"எனக்கு கண்ணு தெரியல. சர்க்கர."

கோர்ட்டில் நீதிபதி அம்மா அறிக்கையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இந்த மார்த்தாள் உங்க அம்மாவா?"

"ஆமாங்க மேடம். அதனால இந்தக் கேஸை வேற அலுவலர் பாக்கறதுதான் சரியா இருக்கும்."

நீதிபதி சடையப்பனைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

சடையப்பன் துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே பேசினார். "அந்தப் பொண்ணு மேல தப்பில்லம்மா. அவங்கம்மா மேலயும் இல்ல. மார்த்தா தொடப்பத்த எடுத்துக்கினா, நான் போயி உக்காந்துட்டேன். பயக்கம். தப்புன்னே தோணல. இந்தப் பொண்ணு கத்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் சோறு எறங்கல." கொஞ்சம் நிறுத்தி, "முதுவு புடிச்சது மட்டும் மெய்யாலும் நெஜம்" என்றார்.

அருள்தாஸ் கூட்டிய நாள் எதுவும் செல்லாது, மார்த்தாள் கூட்டிய நாளும் செல்லாது, ஒரு மாதம் மறுபடி முதலிலிருந்து, அதற்கு மேல் ஒரு வாரம் என்று நீதிபதி உத்தரவிட்டார். பிறகு பிரிஸ்கில்லாவிடம், "வேற அலுவலரைப் போட்டா இவர் வேற யாரோட அம்மாவையாவது கண்டுபிடிச்சிடுவார். நீங்களே பாருங்க" என்றார்.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வெயில் தாங்காமல் மாஸ்க்கும் கண்ணாடியும் போயின. எப்படிக் குனிவது, துடைப்பத்தை எப்படிச் சாய்ப்பது என்பதெல்லாம் முதுகு வலியே அவருக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது. ஒருநாள் முழு வளாகத்தையும் கூட்டி முடித்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போது பார்த்து ஒருவர் வாழைப்பழத்தை உரித்துத் தோலை நடுவில் போட்டுவிட்டுப் போனார்.

"யோவ்! தோலு யார்து?"

அன்று ஆரம்பித்தது. அதற்குப் பிறகு சுகாதார நிலையத்தில் ஒரு காகிதம் விழ முடியவில்லை. ஊசி போட்ட பஞ்சைத் தூக்கிப் போட்டவர்கள் ரோடு வரை துரத்தப்பட்டார்கள். ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் வேறு வழியாகப் போனார்கள். ஒரு கர்ப்பிணி, தின்ற ஆரஞ்சுத் தோலைப் போட இடமில்லாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். பிரபா போன் செய்தாள்.

"மேடம், இவர கொஞ்சம் அடக்குங்க. நேத்து ஒருத்தரு பிரஷர் பாக்க வந்தாரு. வெளிய இவரு போட்ட சத்தத்துல அவருக்கு பிரஷர் எகிறிப்போச்சு. மாத்திர கூட்டி எயுத வேண்டியதா போச்சு. பேஜாரா கீது."

பிரிஸ்கில்லா போய் அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "சார், கூட்றதுதான் உத்தரவு. திட்றது உத்தரவுல இல்ல."

"நான் கூட்டி முடிச்ச எடத்துல போட்றாம்மா! வயிறு எரியாதா?"

"எரியும் சார்" என்றாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "இத்தன வருஷமா எத்தனையோ பேருக்கு எரிஞ்சிருக்கும்."

சடையப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். துடைப்பத்தைத் தட்டிச் சமன் செய்துகொண்டு போய்விட்டார். குரல் கொஞ்சம் குறைந்தது. முறைப்பது மட்டும் குறையவில்லை.

சடையப்பன் வீட்டிலும் இது பரவியது. மளிகைக் கடையில் பார்த்த செல்லம்மாள் பிரிஸ்கில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நம்ம வூட்டு வாசல் சரியா கூட்டலன்னு தெனம் கொற சொல்றாரும்மா. அப்ப நீங்களே கூட்டுங்கன்னு தொடப்பத்த நீட்டுனேன். கோர்ட்டு ஆர்டர் இல்லாம கூட்ட மாட்டாராம். ஒரு ஆர்டர் வாங்கிக் குடேன்."

கடைசி நாளும் வந்தது. சடையப்பன் கூட்டி முடித்து, குப்பையைத் தொட்டியில் கொட்டி, துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். இனிமே வர வேணாம். கோர்ட்டுக்கு நான் எயுதிடறேன்."

"சரி." போக மனமில்லாதவர் போல் வளாகத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மானாம்பதி ரோட்டில் திரும்பினார். வழக்கமாக ஒருவருடைய தண்டனை முடிந்தால் பிரிஸ்கில்லாவுக்கு ஒரு பாரம் குறைந்த மாதிரி இருக்கும். அன்று என்னவோ கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ஜான்சன் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். தூது போக ஆளில்லை. மார்த்தாள் சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள். சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று அவள் வயிற்றுக்குள் கிடந்து உருள்வது முகத்திலேயே தெரிந்தது.

"மாத்திர வாங்க நேத்து போனேனே" என்று ஆரம்பித்தாள், சோற்றுப் பானையைப் பார்த்துக்கொண்டு.

"ம்."

"வெத்தல போட்டேன். காம்ப கிள்ளிக் கீய போட்டுட்டேன், நெனப்பு இல்லாம. அவரு பாத்துட்டாரு. 'ஏ மார்த்தா, இப்பத்தானே கூட்டுனேன்'னு ஒரு சத்தம்."

"நீ இன்னா பண்ண?"

"குனிஞ்சி எடுக்கப் போனேன். முட்டி மடங்கல. அவரு வந்து 'இரு இரு, நவுரு'ன்னுட்டு, குனிஞ்சி..." மார்த்தாள் நிறுத்தினாள். "நான் போட்டத அவரு பொறுக்குனாருடி. கையால. கொண்டுபோயி தொட்டில போட்டாரு."

பிரிஸ்கில்லா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். மார்த்தாளின் கண் கலங்கியிருந்தது. ஆனால் வாயோரம் வேறு ஏதோ ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு காம்பு போட்டேன்."

"மா!"

"அது வேணும்னேதான் போட்டேன். மொத தபா நான் சரியா பாக்கல."

"பொறுக்குனாரா?"

"பொறுக்குனாரு. மொறச்சிக்கினே பொறுக்குனாரு."

பிரிஸ்கில்லாவுக்குப் புரையேறிவிட்டது. மார்த்தாள் எழுந்து வந்து அவள் உச்சந்தலையில் தட்டினாள். தட்டிக்கொண்டே அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டு என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

"இனிமே ஆஸ்பத்திரில காம்ப போட்டே, உன் மேலயே கேஸு போடுவேன்" என்றாள் பிரிஸ்கில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"போடுடி. நான் ஒயுங்கா கூட்டுவேன்" என்று சொல்லிவிட்டு, மார்த்தாள் மகளின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.